இரவை யாரும் விசாரிப்பதில்லை

பட்டிப்பொல ஸ்டேஷன் இலங்கையிலேயே ஆக உயரமான புகையிரத நிலையம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி. கொழும்பில் மின்விசிறி நின்றால் புழுங்கி எழும்பும் அதே இரவில், இங்கே இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாலும் கால்விரல் சூடேறாது. சனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா மேட்டுப் பகுதியின் வெப்பநிலை ஐந்து பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அதைப் படம் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த உறைபனி படியும் நேரத்தில் ஒரு லயத்துக் காம்பராவின் கதவு திறக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கையில் டோர்ச் வெளிச்சத்தோடு லயத்தின் கோடியிலிருக்கும் கக்கூசுக்கு நடக்கிறாள். அன்றிரவு அவள் இப்படி எழும்புவது மூன்றாவது தடவை. போய்வந்து படுத்தால் உடம்பு சூடாக அரைமணி நேரம் ஆகும். கண் அசரும் நேரத்தில் அடுப்பு மூட்ட எழும்ப வேண்டும். பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பள்ளிக்கூடம் அனுப்பி, பெரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். பிந்தினால் பேர் விழாது.

மாதம் ஒருமுறை அவள் கிளினிக்குக்குப் போகிறாள். கையில் பட்டியைக் கட்டி அளக்கிறார்கள். 150க்கு 95 என்று கிளினிக் கொப்பியில் எழுதுகிறார்கள். "அம்மா, பிரசர் கூடியிருக்கு. உப்பைக் குறைங்க, குளிசையை ஒழுங்காப் போடுங்க." அவளும் தலையாட்டிவிட்டு வருகிறாள். இது ஒரு தனி ஆளின் கதை அல்ல. மலையகத்தில் எந்த லயத்திலும் இப்படி ஒருத்தியைக் காணலாம். அந்தக் கொப்பியில் உயரம், நிறை, சீனி, பிரசர் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். ராத்திரி எப்படித் தூங்கினாய் என்ற கேள்விக்கு மட்டும் இடம் இருக்காது. அந்தக் கேள்வியையும் கேட்காமல் மலையகத்தின் இரத்த அழுத்தத்தை அடக்க முடியாது என்பதே என் வாதம்.

இரத்த அழுத்தம் நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. நல்ல நித்திரையில் அது பகலில் இருந்ததைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். ஆழ்ந்த தூக்கத்தில், உடம்பை எந்நேரமும் உஷார்ப்படுத்தி வைத்திருக்கும் பரிவு நரம்புகள் அடங்குகின்றன, இதயத் துடிப்பு குறைகிறது, குழாய்கள் தளர்கின்றன. நாளெல்லாம் இழுத்துக் கட்டிய கயிற்றை அவிழ்த்துப் போடுவது போல, இருபத்துநான்கு மணி நேரத்தில் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அது ஒன்றுதான். சிலருக்கு இந்த இறக்கம் நடப்பதில்லை. 1988இல் அயர்லாந்து வைத்தியர் ஓயின் ஓ பிரையனும் அவருடைய சகாக்களும் லான்செட் இதழில் எழுதிய ஒரு சிறு குறிப்பில், இரவில் அழுத்தம் இறங்குபவர்கள், இறங்காதவர்கள் என்று நோயாளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். இறங்காதவர்களிடையே பக்கவாதம் கூடுதலாக இருந்தது. பிறகு வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு அந்தப் பிரிவே அடிப்படை ஆயிற்று.

அவற்றில் எனக்கு ஆக முக்கியமாகப் படுவது ஜப்பானின் ஒஹாசாமா ஆய்வு. ஒஹாசாமா, நாட்டின் வடக்கே இவாத்தே மாகாணத்தில் உள்ள ஒரு சிறிய, குளிர் மிகுந்த விவசாய ஊர். அங்கே 40 வயதைக் கடந்த 1,542 பேருக்கு நாள் முழுவதும் அழுத்தத்தை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு, சராசரியாக ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 2002இல் வெளியான முடிவு இதுதான்: இரவு இறக்கம் ஒவ்வொரு 5 சதவீதம் குறையக் குறைய, இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் அபாயம் சுமார் 20 சதவீதம் கூடியது. நாள் முழுவதும் அளந்த சராசரி அழுத்தம் சரியாக இருந்தவர்களிடமும் இந்த ஏற்றம் காணப்பட்டது. பகலில் ஒருமுறை கையில் பட்டி கட்டிப் பார்க்கும் வழக்கத்துக்குள் இந்த ஆபத்து அகப்படாது. இரவு அழுத்தத்தின் சராசரி 120க்கு 70ஐத் தாண்டினாலே அது உயர் அழுத்தம் என்று இன்றைய ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்கின்றன. பகலில் வைத்தியர் முன்னால் 140க்கு 90 என்பது எல்லை. இரவுக்கு விதி கடுமை.

தூக்கத்தின் நீளத்தைப் பற்றிய சான்றுகளும் நிறைய உண்டு. அமெரிக்காவில் 4,810 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. 32 முதல் 59 வயதுக்குள், இரவில் 5 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழெட்டு மணி நேரம் தூங்கியவர்களைவிட உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. உடற்பருமன், சீனி வருத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் 60 சதவீதம் கூடுதலாக நின்றது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் வைட்ஹோல் ஆய்வு, இந்தத் தொடர்பு பெண்களிடம்தான் தெளிவாகத் தெரிகிறது என்றது. 2022இல் அமெரிக்க இதயச் சங்கம் இதய நலத்துக்கான தன் அளவுகோல்களில் நித்திரையையும் எட்டாவதாகச் சேர்த்துக்கொண்டது.

நீளம் ஒன்று, தரம் இன்னொன்று. எட்டு மணி நேரம் பாயில் கிடந்தும் பத்துத் தடவை விழித்தால் அது எட்டு மணி நேரத் தூக்கம் ஆகாது. 1989இல் டேனியல் பைசியும் சகாக்களும் பிட்ஸ்பர்க்கில் உருவாக்கிய ஒரு கேள்வித்தாளை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். தூங்கப் பிடிக்கும் நேரம், இடையில் விழிப்பது, குளிர், வலி, இருமல், சிறுநீர், பகல் அசதி என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். ஐந்துக்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை என்று பொருள். இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கண்டது, தூக்கம் கெட்டவர்களிடையே உயர் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுதலாக இருக்கிறது என்பதே.

இங்கே ஒரு எச்சரிக்கை. தூக்கம் கெடுவதால் அழுத்தம் ஏறுகிறதா, அல்லது வறுமை, கவலை, குடி, நோய் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். பென்சில்வேனியாவில் 1,741 பேரை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள்: தூக்கம் வரவில்லை என்று முறையிட்டு, ஆய்வுகூடத்தில் அளந்தபோதும் 5 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களிடம் உயர் அழுத்தத்தின் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. தூக்கம் வரவில்லை என்று சொன்னாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களிடம் அப்படி இல்லை. ஆகவே ஒருநாள் புரண்டு புரண்டு படுத்ததற்காகப் பயப்பட வேண்டாம். வருடக்கணக்காக இரவு குறுகிப்போனவர்களைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

மலையகத்து இரவு எதனால் குறுகுகிறது?

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தூக்கம் கெடுகிறது என்று பலர் சொல்வார்கள். பட்டிப்பொலவின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகர ஆண்கள் 51 பேரை 1,630 மீட்டரிலும் 2,590 மீட்டரிலும் தூங்க வைத்துப் பார்த்தபோது ஆழ்ந்த தூக்கம் சற்றுக் குறைந்தது. ஆனால் அவர்கள் சமவெளியிலிருந்து புதிதாக ஏறியவர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்புக்கு 1,900 மீட்டர் ஒரு பெரிய சுமை இல்லை. உயரத்தின் மீது பழி போட்டுவிட்டால் குளிர், வீடு, வேலை எல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

குளிரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குளிர்பட்டால் தோலின் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். ஜப்பானில் வீடு வீடாகப் போய் அறையின் வெப்பநிலையையும் வீட்டாரின் அழுத்தத்தையும் சேர்த்து அளந்த ஓர் ஆய்வு 2019இல் வந்தது. அறை 10 பாகை குளிர்ந்தால் காலையில் மேல் அழுத்தம் 8.2 புள்ளி, மாலையில் 6.5 புள்ளி கூடியது. ஒரு குளிசை இறக்கும் அளவை ஒரு குளிர்ந்த அறை திருப்பி ஏற்றிவிடும். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்தது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே சுமார் 16 பாகை. பத்துக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா, தகரக் கூரை, பலகை இடுக்கு. அடுப்பின் சூடுதான் ஹீட்டர். அந்தச் சூட்டுக்காகக் கதவை மூடினால் விறகுப் புகை உள்ளே நிற்கும். சீனாவின் யுனான் மாகாணத்தில் விறகடுப்பில் சமைக்கும் பெண்களிடம், புகை கூடக் கூட அழுத்தம் கூடுவதை 2011இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். குளிரா, புகையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் ஒரு தாயை வைத்துவிட்டு, அவள் வாழ்க்கைமுறையைத் திருத்தச் சொல்கிறோம்.

இனி, நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கதவுக்கு வருகிறேன். அவள் ஏன் மூன்று தடவை எழும்புகிறாள்? "வயசாச்சு, குளிரு, அதான் ஒன்னுக்கு வருது" என்பாள். குளிர் ஒரு காரணம், உண்மை. ஆனால் அதற்குள் உப்பும் இருக்கிறது. பகலில் உண்ட உப்பைச் சிறுநீரகம் பகலிலேயே கழித்துவிட வேண்டும். உப்பு மிஞ்சினால், பகலில் முடியாத வேலையை இரவில் முடிக்க வேண்டியதாகிறது. உப்பைத் தள்ள அழுத்தம் வேண்டும். அதனால் இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. உப்போடு சேர்ந்து நீரும் வெளியேறி, சிறுநீர்ப்பை நிரம்பி, ஆள் விழிக்கிறாள். ஜப்பானில் 1997இல் ஊஸு என்ற வைத்தியரும் சகாக்களும், இரவில் அழுத்தம் இறங்காத நோயாளிகளின் உப்பைக் குறைத்தபோது அவர்களின் அழுத்தம் இறங்கத் தொடங்குவதைக் கண்டார்கள். அதே நாட்டில் நாகசாகியிலிருந்து 2017இல் இன்னொரு ஆய்வு. உப்பு அதிகம் உண்டு, தூக்கமும் கெட்டிருந்த 321 பேர். அவர்களில் 223 பேர் நாளொன்றுக்கு 10.7 கிராமாக இருந்த உப்பை 8 கிராமாகக் குறைத்தார்கள். இரவில் சிறுநீருக்கு எழும்புவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 தடவையாகக் குறைந்தது. உப்பு கூடிப்போன 98 பேருக்கு அது 2.7 ஆக ஏறியது.

இதைப் பட்டிப்பொலவின் இரவில் வைத்துப் பாருங்கள். இராச்சாப்பாட்டுக்குக் கோதுமை மா ரொட்டி, கட்டச்சம்பல், வசதிப்பட்டால் கருவாடு. மூன்றிலும் உப்பு. அந்த உப்பு நடுச்சாமத்தில் அவளை எழுப்புகிறது. குழாயடியையும் தாண்டி வெளியே இருக்கும் கக்கூசுக்குப் போகச் சொல்கிறது. சூடான கம்பளியிலிருந்து ஐந்து பாகைக் குளிருக்குள் காலடி வைத்த கணம் குழாய்கள் சுருங்கி அழுத்தம் எகிறுகிறது. திரும்பி வந்து நடுங்கிக்கொண்டே விழித்துக் கிடக்கிறாள். உப்பு, குளிர், வீட்டமைப்பு, தூக்கம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் ஒரே சங்கிலி இது. "உப்பைக் குறையுங்க" என்ற கிளினிக் வாசகம் சரியானதே. ஆனால் "உப்பைக் குறைச்சா ராத்திரி எழும்புறது குறையும்மா" என்று சொல்லிப்பாருங்கள். முப்பது வருடம் கழித்து வரப்போகும் பக்கவாதத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, இன்றைக்கு ஒரு தடவை குறைவாக அந்தக் குளிரில் நடக்கலாம் என்பது அவளுக்குப் புரியும், பிடிக்கும். உப்பு எவ்வளவு என்று தெரியாதவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி மட்டம். ரொட்டி மாவில் போடுவதும் கருவாட்டில் இருப்பதும் அதற்குள் அடக்கம்.

ஆண்களின் இரவு வேறு விதமாகக் குறுகுகிறது. பட்டிப்பொலவைச் சுற்றித் தேயிலையைவிடக் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகளும் அம்பேவெல மாட்டுப் பண்ணையும்தான் கண்ணில் படும். பிடுங்கிய மரக்கறியைக் கழுவி மூட்டை கட்டி இரவோடிரவாக லொறியில் ஏற்ற வேண்டும், விடியும்போது அது சந்தையில் நிற்க வேண்டும். நானுஓயாப் பக்கம் இறங்கித் தேயிலைக்குள் போனால் ஸ்டோரில் இரவு வேலை. பகலில் பறித்த கொழுந்து வாட்டுத் தொட்டியில் 12 முதல் 18 மணி நேரம் வாட வேண்டும். வாடி முடிவது நடுச்சாமத்திலோ விடியும் முன்னோதான். அப்போதுதான் உருட்டு மெஷின் ஓடத் தொடங்கும். கொழுந்து ஆளுக்காகக் காத்திருக்காது. தேயிலையின் தரத்தை அந்த நேரக் கணக்கு காப்பாற்றுகிறது, மனிதனின் நித்திரையை அது கணக்கில் எடுப்பதில்லை. இரவு வேலைக்காரர்களின் உடம்பு, அழுத்தம் இறங்க வேண்டிய நேரத்தில் ஏற்றிக்கொண்டு நிற்கிறது. பகலில் லயத்தில் படுத்தாலும், பிள்ளைகள் கத்தும் சத்தத்திலும் பக்கத்துக் காம்பரா ரேடியோவிலும் அந்தக் கடன் தீராது. வேலை அலுப்புக்கு என்று குடிக்கும் சாராயம் கண்ணை மூட வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கி அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

குறட்டையைச் சிரித்துவிட்டு விடுகிறோம். மூச்சு நின்று நின்று, திணறி, பெரிய சத்தத்தோடு மீண்டும் தொடங்கும் குறட்டை ஒரு நோய். விஸ்கான்சினில் 709 பேரை நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்த ஆய்வு 2000இல் வந்தது. மணிக்கு 15 தடவைக்கு மேல் மூச்சுத் தடைப்பட்டவர்களுக்கு உயர் அழுத்தம் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. மெலிந்தவர்களுக்கும் இது வரும். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் அந்தச் சத்தம் கேட்கும், வைத்தியருக்குத்தான் கேட்காது. வீட்டில் உள்ளவர்கள்தான் அதை அவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பயமும் தூக்கத்தைத் தின்னும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை மறுபடி உலுக்கியது. அதற்குப் பிறகு அடைமழை கொட்டும் இரவில் மலைச்சரிவில் படுத்திருப்பவர், மண் அசைகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே விடிய வைப்பார். பரிவு நரம்பு அடங்கவேண்டிய நேரத்தில் அது முழு உஷாரில் நிற்பது என்றால் இதுதான். அதற்கு மாத்திரை கிடையாது. பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடுதான் மருந்து. 2017 மே மாதம் நோர்வூட் மேடையில் இந்தியப் பிரதமர் 10,000 வீடுகள் அறிவித்தார். கட்டப்படும் ஒவ்வொரு வீட்டையும் இரத்த அழுத்தச் சிகிச்சையாகவும் நான் எண்ணுகிறேன்: தனிச் சுவர், கூரைக்குக் கீழ் ஒரு தட்டு, வீட்டோடு சேர்ந்த கழிப்பறை. கடைசியில் சொன்னதைப் பொறியியலாளர்கள் சிறிய விடயமாக நினைக்க வேண்டாம்.

வீடு வரும்வரை காத்திருக்க முடியாது. இப்போதே ஆகக்கூடிய சில காரியங்கள் உண்டு. வயதானவர்களுக்கு இரவில் உபயோகிக்க மூடியுள்ள ஒரு பாத்திரத்தைக் காம்பராவுக்குள் வைப்பதில் வெட்கம் இல்லை. எழும்பினால் காலுறையும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு வெளியே போகலாம். பின்னேரத்துக்குப் பிறகு சாயம் கனத்த தேத்தண்ணியைக் குறைக்கலாம், தேயிலை உற்பத்தி செய்கிறவர்களுக்கும் அதன் கபீன் ஐந்தாறு மணி நேரம் இரத்தத்தில் நிற்கும். பிரசருக்கு நீர் போக்கும் குளிசை எடுப்பவர்கள் அதை இரவில் போட்டால் அது வேறு எழுப்பும். அதைக் காலைக்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பிரித்தானியாவில் 21,104 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வு, பிரசர்க் குளிசையைக் காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் இதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றே என்று காட்டிவிட்டது. நீங்களாகக் குளிசையை நிறுத்துவது மட்டும் கூடாது.

இதையெல்லாம் லயம் லயமாகப் போய்ச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை மூன்று நாட்டுக் கிராமங்களிலும் 2,645 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப்போய் அளந்து, பேசி, வைத்தியரிடம் அனுப்பியபோது, இரண்டு ஆண்டில் மேல் அழுத்தம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட சராசரி 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் மருத்துவமாதுகள். தோட்டங்களுக்கும் அவர்கள் வருகிறார்கள். பிள்ளையின் நிறையைப் பார்க்க வரும் அதே நாளில், அந்தப் பிள்ளையின் அம்மம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்க அவர்களால் முடியும்: "ராத்திரி எத்தனை தடவை எழும்புறீங்க? மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" தோட்ட வைத்திய அதிகாரிகளிடமும் மாவட்டச் சுகாதாரப் பணிப்பாளர்களிடமும் நான் கேட்பது, அந்த இரண்டு பதில்களையும் எழுத கிளினிக் கொப்பியில் ஒரு வரி ஒதுக்குங்கள் என்பதைத்தான்.

அந்த வரி வரும்வரை, கிளினிக்குக்குப் போகும் அம்மா, அக்கா, அண்ணன்மாரே, கையில் பட்டி கட்டும்போது அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்: ராத்திரி நான் இத்தனை தடவை எழும்புகிறேன், இத்தனை மணிக்குத்தான் கண் மூடுகிறேன், என் வீட்டுக்காரர் இப்படிக் குறட்டை விடுகிறார் என்று.